அருவிக்குப் போனா பையை யாரு பாத்துக்கறது?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஆளைக் காணோமேன்னு யாரும் கேக்கல, இருந்தாலும் நானே சொல்லிடறேன். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பொட்டி தட்டித் தட்டி விரல் தேஞ்சதுதான் மிச்சம் :-)

இன்னிக்கு இந்தப் பதிவை எழுத வெச்சது ஒரே ஒரு வாக்கியம். போன வாரம் வீட்லேர்ந்து வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னு அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க. "தேனிப் பக்கம் டூர் போனீங்களே, அருவி எல்லாம் எப்படி இருந்துச்சு?"

அம்மா சொன்ன பதில்: "சத்தம் நல்லா கேட்டுச்சு."

அவ்ளோதான். அதுல கோபம் இல்ல, குத்தலும் இல்ல. அடுத்து தக்காளி விலைக்குப் போய்ட்டாங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கோடு ஓடல. காஞ்சிபுரத்துலேர்ந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் வண்டி புடிச்சு அருவியைக் காட்டக் கூட்டிக்கிட்டுப் போன எங்க அம்மா, அருவியைப் பாக்கவே இல்ல. அது எனக்கே அப்பதான் உறைச்சுது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

டூருக்கு மொத்தம் ஏழு பேர். அப்பா, அம்மா, அக்கா, மாமா (அக்கா வீட்டுக்காரர்), அவங்க ரெண்டு வாண்டுங்க, அப்புறம் அடியேன். ஏற்பாடு முழுக்க நான்தான். சாப்ட்வேர்காரன் டூர் போட்டா எப்படி இருக்கும்? எக்செல் ஷீட் போட்டேன். ஊர், தூரம், லாட்ஜ், வாடகை, சாப்பாடு, ஸ்டார் ரேட்டிங்னு பத்துப் பன்னெண்டு காலம். கம்பம் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம் இருக்கு. ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கேரள எல்லை, நடுவுல 1895-ல கட்டி முடிச்ச பெரியாறு அணைத் தண்ணி பாயற வயல், திராட்சைப் பந்தல், சுத்தி அருவிங்க. வாண்டுங்களுக்குத் திராட்சை, பெரியவங்களுக்கு அருவி, எனக்கு போட்டோ. எல்லாருக்கும் ஆச்சுன்னு நெனச்சேன்.

திராட்சை விஷயத்துல ஏமாற்றமே இல்ல. அந்தப் பன்னீர் திராட்சையை 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாச் சொல்றாங்க. 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சுடுச்சு. வருஷம் முழுக்கக் காய்க்குது. நம்ம ஊர்ல 'ஒயின் ஷாப்'னா ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும்கிறது வேற விஷயம். ரோட்டோரம் வாங்கின திராட்சையை வாண்டுங்க ரெண்டும் வண்டிக்குள்ளயே தின்னு தீர்த்துட்டாங்க.

அப்புறம் அருவி. எந்த அருவின்னு பேர் சொல்ல மாட்டேன். பேர் சொன்னா பின்னூட்டத்துல அந்த ஒரு அருவியைப் பத்தி மட்டும் கும்மி அடிப்பீங்க. நான் சொல்ல வர்றது எல்லா அருவிக்கும் பொருந்தும்.

வண்டியை நிறுத்திட்டு எல்லாரும் நடந்தோம். கொஞ்ச தூரத்துல ஈரப் படி ஆரம்பிச்சுது. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். கைப்பிடிக் கம்பி பாதி தூரம் இருந்துச்சு, மீதி தூரம் இருந்ததுக்கு அடையாளம் இருந்துச்சு. அம்மா முதல் வளைவுல நின்னாங்க. படியைப் பாத்தாங்க. எங்க கையில இருந்த பைங்களைப் பாத்தாங்க. மாத்துத் துணிப் பை, துண்டுப் பை, இட்லிப் பொட்டலம், பிளாஸ்க், எல்லாரோட பர்ஸ், போன்.

"நீங்க போய்ட்டு வாங்கப்பா. நான் பையைப் பாத்துக்கறேன்."

யாரும் மறுப்பு சொல்லல. உண்மையைச் சொன்னா எல்லாருக்கும் ஒரு நிம்மதி. பைக்கு ஆள் கிடைச்சாச்சு. ரெண்டு மணி நேரம் ஆட்டம் போட்டுட்டு வந்தோம். திரும்பி வர்றப்ப அம்மா துண்டை எல்லாம் எடுத்து வெச்சு, இட்லியைப் பிரிச்சு வெச்சு, கையில ஒரு குச்சியோட குரங்குக்குக் காவல் உக்காந்து இருந்தாங்க. அவங்க உக்காந்த இடத்துக்கும் அருவிக்கும் நடுவுல இன்னும் ஒரே ஒரு வளைவு. அதைத் தாண்டி இருந்தா அருவி தெரிஞ்சிருக்கும்.

"அவளுக்குத் தண்ணின்னா பயம்டா"ன்னு அப்பா வண்டியில சொன்னாரு. நானும் நம்பிட்டேன். போன வாரம்தான் அம்மாகிட்டயே கேட்டேன். சிரிச்சாங்க. சின்ன வயசுல ஊர் ஏரியில மதகுலேர்ந்து குதிச்சு நீந்தினவங்களாம் அவங்க. எங்க பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்'னே பேரு. அங்க பொறந்த பொண்ணுக்குத் தண்ணி பயமா? பயம் தண்ணியில இல்ல, படியில. முட்டி போச்சு.

முட்டி ஏன் போச்சுன்னு காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். மத்தவங்களுக்காக: பட்டுச் சேலையில உடம்பு ஒரு கலர், பார்டர் ஒரு கலர்னு வர்றது கோர்வை. அதை நெய்ய மூணு நாடா வேணும். தறியில உக்காந்து நெய்யறது ஒருத்தர். பக்கத்துல உக்காந்து கரைக்கு நாடா தள்ளிக் குடுக்கறது இன்னொருத்தர். எங்க வீட்ல அந்த இன்னொருத்தர் இருபது வருஷத்துக்கு மேல அம்மாதான். கூலிப் புத்தகத்துல அப்பா பேர் மட்டும்தான் இருக்கும். அந்தக் காசுலதான் நான் இன்ஜினியரிங் படிச்சேன். சரி, சென்டிமென்ட் போதும், விஷயத்துக்கு வர்றேன்.

விஷயம் இதுதான். 'குடும்பத்தோட போகத் தகுந்த அருவி'ன்னு ரீல்ஸ்லயும் பயணப் பதிவுலயும் ஆளாளுக்குப் பட்டியல் போடறோம். எந்தக் குடும்பம்? குளிக்கிறவங்க மட்டும்தான் குடும்பமா? ஒரு அருவி குடும்பத்துக்கு ஏத்ததான்னு சொல்ல வேண்டிய ஆள், அருவியில நனைஞ்சவன் இல்ல. பையோட உக்காந்து இருந்தவங்க. நான் போட்ட எக்செல்ல பன்னெண்டு காலம் இருந்துச்சு. 'எத்தனை படி?'ன்னு ஒரு காலம் இல்ல.

இதுல எனக்கு இன்னும் வெக்கமா இருக்கறதுக்குக் காரணம், சரியா செஞ்ச ஒரு இடத்தை நான் கண்ணால பாத்தவன். ஆன்சைட்ல நியூயார்க் மாநிலத்துல கொஞ்ச நாள் இருந்தேன். நியூயார்க்னதும் சிட்டின்னு நெனைக்காதீங்க. இது ராச்செஸ்டர் பக்கம், பனி கொட்டற ஊர். அதுக்குத் தெக்க 'ஃபிங்கர் லேக்ஸ்'னு ஒரு பிரதேசம். விரல் மாதிரி நீள நீளமா 11 ஏரி. பனியுகத்துல பனிப்பாறை வழிச்சுக்கிட்டுப் போன பள்ளம்தான் ஏரி ஆச்சு. செனிக்கா ஏரி 600 அடிக்கு மேல ஆழம். பள்ளம் அவ்ளோ ஆழமாப் போனதால, பக்கவாட்டுல வந்து சேர்ற ஓடைங்க எல்லாம் உசரத்துல மாட்டிக்கிச்சு. அதனாலதான் ஏரியைச் சுத்தி அத்தனை அருவி. ஆழமான ஏரி சீக்கிரம் உறையாது, கோடை வெப்பத்தைப் புடிச்சு வெச்சு மெதுவா விடும். அதனால கரையோரம் திராட்சை தாங்குது, ஒயினும் கிடைக்குது. ஏரி, அருவி, திராட்சை மூணுக்கும் காரணம் ஒண்ணேதான்.

அங்க வேலை பாத்த நண்பரோட அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. எல்லாருமா வாட்கின்ஸ் க்ளென் போனோம். செனிக்கா ஏரியோட தெக்கு முனையில ஒரு பாறை இடுக்கு. ரெண்டு கிலோமீட்டரும் கொஞ்சமும் நடந்தா 19 அருவி. சிலதுக்குப் பின்னாடியே பாதை போகுது. மொத்தம் 832 கல் படி. 832-ன்னதும் நண்பரோட அம்மா முகம் மாறிடுச்சு. நண்பர் கூலா சொன்னாரு, "அம்மா, நாம மேல் வாசல்ல இறங்கிக் கீழ நடக்கப் போறோம். வேணும்னா நடுவுலயே நின்னுக்கலாம்." படி எத்தனை, எந்த வாசல்லேர்ந்து எவ்ளோ தூரம்னு வீட்லயே பாத்து வெச்சிருந்தாரு. சேலை, அதுக்குக் கீழ ஸ்போர்ட்ஸ் ஷூவோட அந்தம்மா மெதுவா நடந்து வந்தாங்க. அங்க தண்ணியில யாரும் இறங்கக் கூடாது. அதனால மாத்துத் துணி இல்ல, துண்டு இல்ல, பைக்குக் காவலும் இல்ல. அன்னிக்கு அருவியைப் பாக்காத ஆளே கிடையாது.

இன்னொரு நாள் டாகனாக் அருவி. 215 அடி, நயாகராவை விட 33 அடி உசரம். அருவியோட அடி வரைக்கும் முக்கால் மைல், அதாவது 1.2 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளப் பாதை. தள்ளுவண்டியில குழந்தையைத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. நண்பரோட அப்பா பாதி வழியில நின்னு, "நம்ம ஊரா இருந்தா இந்நேரம் பஜ்ஜிக் கடை வந்திருக்கும்"னாரு. அது மட்டும் அங்க குறைதான், ஒத்துக்கறேன் :-)

"ஆரம்பிச்சுட்டான்யா, அமெரிக்கா ரிட்டர்ன் புராணம்"னு நீங்க முனகறது கேக்குது. இருங்க. 'அங்க பார், இங்க பார்'னு மூக்கால அழற பதிவு இல்ல இது. ஏன்னா இந்த வித்தையை நாம எப்பவோ கத்துக்கிட்டோம். அருவிக்கு அதை எடுத்துக்கிட்டுப் போகல, அவ்ளோதான்.

பழனிக்குப் போங்க. 693 படி. நடுநடுவுல உக்கார மண்டபம். படி முடியாதவங்களுக்கு சாய்வா ஏறற யானைப் பாதை. அதுவும் முடியாதவங்களுக்கு 1966-லேர்ந்து விஞ்ச், 2004-லேர்ந்து ரோப் கார். எங்க ஊர்ப் பக்கம் சோளிங்கர்ல 1305 படி. பல வருஷமா டோலியில தூக்கிக்கிட்டுப் போனாங்க, 2024-ல ரோப் கார் வந்துடுச்சு. எந்தக் கோயில் மலைக்குப் போனாலும் 'இத்தனை படி'ன்னு கீழயே தெரிஞ்சிடும். கிழவி ஒருத்தி கீழ உக்காந்து சாமி கும்பிட்டுக்கட்டும்னு நம்ம முன்னோர் விடல. செருப்பை விட ஒரு இடம், டோக்கன் குடுக்க ஒரு ஆள் கூட வெச்சாங்க. செருப்புக்கு டோக்கன் குடுக்கத் தெரிஞ்ச நமக்கு, அருவியில பைக்கு டோக்கன் குடுக்கத் தெரியாதா? அது மட்டும் இருந்திருந்தா எங்க அம்மா அந்தக் கடைசி வளைவைத் தாண்டியிருப்பாங்க.

கோயில் மலைக்கும் அருவிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, யாரும் சொல்றதில்ல. மலைக்கோயில்ல முதல்ல ஏத்தம், அப்புறம் இறக்கம். மூச்சு வாங்குச்சுன்னா அங்கயே திரும்பிடலாம். பல அருவியில இது தலைகீழ். கொல்லிமலை ஆகாயகங்கையை எடுத்துக்குங்க. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், அங்கிருந்து ஆயிரத்துக்கு மேல படி இறங்கணும். இறங்கறப்ப ஜாலியா இருக்கும். குளிச்சுக் களைச்சு, ஈரத் துணியோட அத்தனையும் ஏறறப்பதான் முட்டி பேசும். நடுவுல முடியலன்னா வேற வழி கிடையாது. இது பேரழகான அருவி, சந்தேகமே இல்ல. ஆனா 'ஃபேமிலி ஸ்பாட்'னு ஒரே வார்த்தையில எழுதிட்டுப் போறது அநியாயம்.

ரெண்டு மறுப்பு வரும், தெரியும்.

ஒண்ணு: "காட்டுக்குள்ள கம்பி, காங்கிரீட்னு கட்டி நாசம் பண்ணச் சொல்றியா?" இல்லவே இல்ல. வாட்கின்ஸ் க்ளென்ல 1935-ல வந்த வெள்ளம் பாதையை அடிச்சுக்கிட்டுப் போச்சு. திருப்பிக் கட்டினப்ப அந்த இடத்துக்கு ஒத்துப் போற கல்லுலயே கட்டினாங்க. இன்னிக்குப் பாத்தா படியும் பாறையும் ஒண்ணா வளந்த மாதிரி இருக்கு. காடு முக்கியம்தான். மேகமலை 2021-லேர்ந்து புலிகள் காப்பகத்துல சேர்ந்த இடம். யானை வருதுன்னு வனத்துறை வழியை மூடினா நாம திரும்பி வர்றதுதான் மரியாதை. நான் கேக்கறது புது ரோடு இல்ல. டிக்கெட் குடுக்கற இடத்துல ஒரு போர்டு: எத்தனை படி, எவ்ளோ தூரம், கம்பி உண்டா, எங்க உக்காரலாம், துணி மாத்தற அறையும் கழிப்பறையும் எங்க. அதோட பை வைக்க ஒரு அறை. குளிக்காதவங்க தூரத்துலேர்ந்தாவது அருவியைப் பாக்க ஒரு திண்ணை. இதுக்கு ஒரு மரம் கூட வெட்ட வேண்டாம்.

ரெண்டு: "அவங்களேதானே உக்காந்துக்கறேன்னு சொன்னாங்க?" ஆமா, சொன்னாங்க. வீட்ல கடைசி தோசை எனக்குப் பிடிக்காதுன்னும் அவங்களேதான் சொல்றாங்க. அதை நம்பற மாதிரிதான் இதையும் நம்பினோம். அவங்க அப்படிச் சொல்றது படியைப் பாத்ததுக்கு அப்புறம். முன்னாடியே தெரிஞ்சு வேற அருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வண்டி புக் பண்றவன் வேலை. அதாவது என் வேலை.

பாதுகாப்பையும் இதோட சேர்த்துக்கணும். கொடைக்கானல் மலை அடிவாரத்துல இருக்கு கும்பக்கரை. இங்க வெயில் அடிக்கும், மேல மலையில மழை பெய்யும், தண்ணி திடீர்னு ஏறும். குளிக்கத் தடைன்னு அடிக்கடி செய்தி வர்றது சும்மா இல்ல. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்து போனான். மெதுவா நடக்கறவங்களையும் குழந்தைங்களையும் வெச்சு இடத்தைத் தேர்ந்தெடுத்தா, ஓட வேண்டி வந்தா எந்த வழியில ஓடறதுன்னு தானாவே யோசிப்போம். தண்ணி கலங்கி செம்மண் நிறமா மாறுச்சுன்னாலோ, குச்சியும் இலையும் அடிச்சுக்கிட்டு வந்தாலோ, போட்டோவை விட்டுட்டு முதல்ல கரை ஏறணும்.

அருவியில குளிக்கறதே தப்புன்னு நான் சொல்லல. அமெரிக்காவுல அத்தனை அருவி பாத்தும், ஒண்ணுலயும் தலையை நீட்ட முடியலயேன்னு ஏங்கினவன்தான் நான். அருவின்னா தலையில விழணும், காது அடைக்கணும், அப்புறம் பசிக்கணும். அது நம்ம சொத்து. அந்த சுகத்துல வீட்டுக்கு ஒருத்தர் மட்டும் எப்பவும் விட்டுப் போகக் கூடாது, அவ்ளோதான் என் வாதம்.

சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அருவி பத்திப் பதிவு போட்டா, தண்ணி எவ்ளோ கொட்டுச்சுன்னு எழுதறதோட, வண்டி நிக்கற இடத்துலேர்ந்து எத்தனை படின்னு எண்ணி ஒரு வரி எழுதுங்க. எந்த இடத்துலேர்ந்து அருவி கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்குதுன்னு இன்னொரு வரி. அந்த ரெண்டு வரி உங்க முப்பது போட்டோவை விட உபயோகமா இருக்கும். பின்னூட்டத்துல உங்களுக்குத் தெரிஞ்ச அருவிக்கு எழுதினாலும் சரி, நான் தொகுத்து ஒரு எக்செல் போட்டுடறேன். இந்தத் தடவை காலம் எல்லாம் சரியா இருக்கும் :-)

அடுத்த சீசனுக்கு, ஜூன் கடைசியில, குற்றாலம்னு முடிவு பண்ணி இருக்கேன். பேரருவி கோயிலை ஒட்டியே இருக்கு, மலை ஏற வேண்டாம். வந்து நின்னாலே அருவி கண்ணுக்குத் தெரியும். பொம்பளைங்களுக்குத் தனி இடம் உண்டு, மேலேர்ந்து வர்ற தண்ணி நடுவுல பொங்குமாகடல்ல விழுந்து வேகம் குறைஞ்சுதான் கீழ கொட்டும். செண்பகாதேவி, தேனருவின்னு காட்டு வழி நடக்கற ஆசையை எல்லாம் மூட்டை கட்டி வெச்சாச்சு.

நேத்து ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். முதல்ல முட்டியைத்தான் தடவிப் பாத்துக்கிட்டாங்க. படி இல்லம்மான்னு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"எல்லாரும் போய்ட்டா பையை யாரு பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேன். நீயும் அக்காவும் முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க."

என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தாங்க.

"உனக்குப் பை பாத்துக்கத் தெரியுமாடா? குரங்கு வரும். போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. கையில குச்சி வெச்சுக்கணும்."

இருபது வருஷ அனுபவம் பேசுது. ட்ரெயினிங் ஆரம்பிச்சாச்சு மக்களே. வர்ட்டா?

டிஸ்கி: குச்சி இருந்தாலும் இட்லிப் பொட்டலத்தை வண்டியிலயே வெச்சுட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம். இதுவும் அம்மா சொன்னதுதான்.